18 மணி நேரம் ஐஸில் இருந்த கிட்னி: வேண்டாம் என்று சொன்னது தவறா?

வாய்க்கால்மேடு (கோபிசெட்டிபாளையம்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம்ங்க. எங்களுக்குக் கோபி பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் கொஞ்சம் மஞ்சளும். அண்ணனுக்கு 44 வயது. இரண்டு கிட்னியும் செயலிழந்து இது நான்காவது வருடம், வாரம் மூன்று முறை ஈரோடு போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறார். வீட்டில் யாரும் கொடுக்க முன்வராமல் இல்லை. எனக்கு ரத்த வகை சேரவில்லை, அம்மாவுக்குச் சர்க்கரை, அண்ணியைப் பரிசோதித்தபோது அவர் கிட்னியிலேயே கல் இருப்பது தெரிந்தது, அய்யனுக்கு 70 தாண்டிவிட்டது. அதனால் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் கிட்னிக்காக அரசுப் பட்டியலில் பதிந்து காத்திருக்கிறோம்.

போன மாதம் ஒரு நாள் இரவு 11.30 மணிக்குப் போன் வந்தது, உடனே கிளம்பி வாருங்கள் என்று. அண்ணன், அய்யன், நான் மூன்று பேரும் காரில் ஓடினோம். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், அப்புறம் ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். விடியற்காலையில் ஒரு டாக்டர் வந்து, கொடுத்தவருக்கு 52 வயது, விபத்து, கிட்னி வடிகட்டாமல் ரத்தத்தில் தங்கும் கழிவைக் காட்டும் கிரியாட்டினின் கடைசியில் 2.1 வரை ஏறியிருக்கிறது, உங்களுக்குப் பொருத்தும்போது கிட்னி ஐஸில் 18 மணி நேரம் இருந்திருக்கும், உடனே வேலை செய்யாமல் சில நாள் தூங்கலாம், அரை மணி நேரத்தில் முடிவைச் சொல்லுங்கள் என்றார். அண்ணனுக்குக் கை நடுங்கியது. அய்யன் "கெட்டுப்போன சாமான் நமக்கு எதுக்குடா" என்று எழுந்துவிட்டார். வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம். கிட்னி பட்டியலில் அடுத்தவருக்குப் போனது.

அன்றிலிருந்து அண்ணன் சரியாகப் பேசுவதில்லை. அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல நேரம் இல்லை என்பது என் மனக்குறை. கொடுப்பவர் உடம்பிலிருந்து வாங்குபவர் உடம்புக்கு வரும் வரை கிட்னிக்கு என்னதான் நடக்கிறது? கெடாமல் பார்த்துக்கொள்ள யாராவது ஏதாவது செய்கிறார்களா, இல்லை ஐஸில் போட்டு வண்டியில் ஏற்றுவதோடு சரியா? நாங்கள் சொன்னது தவறா? அடுத்த முறை போன் வந்தால் என்ன கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல் கரை (கோவை) பதில்:

தம்பி, நான் ஐசியு நர்ஸ், 14 வருடமாக இதே வேலை. எல்லோரும் ஐஸ் பெட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கிட்னிக்கு முதல் அடி விழுவது அதற்கு வெகு முன்னால், கொடுப்பவர் இன்னும் எங்கள் கட்டிலில் இருக்கும்போது.

மூளை சாகும் நேரத்தில் உடம்பில் அட்ரினலின் ஒரு புயல் மாதிரி கொட்டும், ரத்த அழுத்தம் 200க்கு மேல் கூடப் போகும், ரத்தக் குழாய்கள் சுருங்கிக் கிட்னிக்கு ரத்தம் குறையும். அது அடங்கியதும் நேர் எதிராக, அழுத்தம் கிடுகிடுவென விழும். கூடவே இன்னொன்று. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் மூளைக்கடியில் இருந்துதானே வருகிறது, அது நின்றுபோனதும் மணிக்கு அரை லிட்டர், சில சமயம் அதற்கும் மேல் சிறுநீர் போய்க்கொண்டே இருக்கும். சிறுநீர் நன்றாகப் போகிறது, கிட்னி நன்றாக இருக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் உடம்பு வறண்டுகொண்டிருக்கும், ரத்தத்தில் சோடியம் ஏறும், யாரும் கவனிக்காவிட்டால் கிட்னி வற்றிய கிணற்றில் ஓடும் மோட்டார் ஆகிவிடும்.

அதனால் மணிக்கணக்காக நிற்கிறோம். போகிற சிறுநீரை அளந்து அதற்கு ஈடாகச் சலைன் ஏற்ற வேண்டும், தேவைப்பட்டால் வாசோபிரசின் கொடுக்க வேண்டும், சராசரி ரத்த அழுத்தம் 65க்குக் கீழே இறங்கக்கூடாது, சோடியம் 155ஐத் தாண்டக்கூடாது, சர்க்கரை ஏறக்கூடாது. மூளை போனால் உடம்பின் சூட்டையும் அதனால் காக்க முடியாது, ஜில்லிட்டுப் போகும், கம்பளி போர்த்துவோம். கிட்னியைக் கெடுக்கும் ஆன்டிபயாடிக் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றுவோம். உயிரோடு இருக்கும் நோயாளியைப் பார்ப்பதை விட இது கடினம் என்பேன், ஒரு மணி நேரம் கண் அசந்தால் யாரோ ஒருவருடைய கிட்னி போய்விடும்.

கிரியாட்டினின் 2.1 என்பதைக் கேட்டுப் பயந்திருக்கிறீர்கள். அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எவ்வளவு இருந்தது என்பதுதான் கேள்வி. வரும்போது 0.9 இருந்து, அழுத்தம் விழுந்ததால் இரண்டு நாளில் ஏறியிருந்தால் அது அதிர்ச்சியில் களைத்த கிட்னி, பெரும்பாலும் தேறிவிடும். வரும்போதே 2 இருந்து, சர்க்கரையும் பிரஷரும் பல வருடம் இருந்தவர் என்றால் அது வேறு கதை. இந்த ஒரு கேள்வியை அன்றைக்குக் கேட்டிருக்கலாம். ஆனால் விடியற்காலையில், தூக்கமில்லாமல், யாருக்குத் தோன்றும்?

சங்ககிரி அம்மா பதில்:

இந்த நர்ஸ் அக்கா எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நான் கொடுத்த பக்கத்து ஆள். 2022ல் என் வீட்டுக்காரர் பைக்கில் வந்தபோது சங்ககிரி பைபாஸில் லாரியில் மோதிவிட்டார், ஹெல்மெட் போட்டிருந்தார், பட்டையைக் கட்டவில்லை. மூளைச்சாவு என்று சொன்னார்கள். உறுப்புகளைக் கொடுக்கிறோம் என்று மாமனாரும் நானும் ஒத்துக்கொண்டோம்.

ஒத்துக்கொண்டதிலிருந்து உடம்பு எங்கள் கைக்கு வர 22 மணி நேரம் ஆனது. போய்விட்டார் என்று சொல்லிவிட்டுச் சலைன் மாற்றுகிறார்கள், ஊசி போடுகிறார்கள், கம்பளி போர்த்துகிறார்கள், மணிக்கொரு முறை ரத்தம் எடுக்கிறார்கள். சொந்தக்காரர்கள் வெளியே நின்று, பில் ஏற்றுவதற்காக வைத்திருக்கிறார்கள் என்று பேசினார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது, மறைக்கவில்லை. போர்வையைப் பார்த்ததும் ஒருவேளை பிழைத்துவிடுவாரோ என்றும் ஒரு ஆசை வந்தது. அது எவ்வளவு கொடுமை என்று எழுதத் தெரியவில்லை. எதற்காக இதெல்லாம் என்று ஒருவர் கூட வந்து சொல்லவில்லை. இன்றைக்குத்தான் அந்தக் கம்பளி எதற்கு என்று தெரிகிறது.

இப்போது கொடுத்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை செய்கிறார்கள், 2023 செப்டம்பரில் முதல்வர் அறிவித்தது. நல்ல காரியம். அதோடு அந்த 22 மணி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆளையும் போடுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

நொய்யல் கரை பதில்:

அம்மா, உங்களிடம் யாரும் சொல்லாதது எங்கள் தொழிலில் இருப்பவர்கள் செய்த தவறு, அதற்கு நான் வருந்துகிறேன். ஏன் அவ்வளவு நேரம் என்பதை இங்கேயாவது சொல்கிறேன். மூளைச்சாவைச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு உறுதி செய்ய வேண்டும், ஒரே சோதனையைக் குறைந்தது 6 மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டு முறை செய்ய வேண்டும். விபத்து என்றால் போலீஸ் விசாரணை, போஸ்ட்மார்ட்டம் எல்லாம் சேரும். அப்புறம் ரத்தம் அனுப்பி, யாருக்குப் பொருந்தும் என்று பார்த்து, இதயத்துக்கும் ஈரலுக்கும் கிட்னிக்கும் தனித்தனிக் குழுக்கள் வர வேண்டும். அந்த நேரம் முழுக்க உங்கள் வீட்டுக்காரரின் கிட்னிக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொண்டவர்கள்தான் சலைன் மாற்றிய அந்த நர்ஸ்கள். 2008ல் திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரன் உறுப்புகளை அவருடைய டாக்டர் பெற்றோர் கொடுத்தபோதுதான் மூளைச்சாவு என்ற வார்த்தையே நம் வீடுகளுக்குள் வந்தது. அதற்கப்புறம் இத்தனை வருடம் ஆகியும் நாங்கள் விளக்கிச் சொல்லப் பழகவில்லை.

ஏற்காடு அடிவாரம் (சேலம்) பதில்:

நான் மயக்க மருந்து மருத்துவர், உறுப்பு எடுக்கும் அறுவையிலும் பொருத்தும் அறுவையிலும் நின்றிருக்கிறேன். ஐஸ் பக்கத்துக் கதையை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிட்னி செல்லுக்குள் பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். இந்த ஏற்பாட்டைக் காக்க ஒவ்வொரு செல்லிலும் ஒரு பம்ப் ஓயாமல் ஓடுகிறது, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ரத்தம் நின்றதும் பம்ப் நிற்கிறது, சோடியமும் தண்ணீரும் உள்ளே புகுந்து செல் வீங்குகிறது. உடம்புச் சூட்டிலேயே விட்டால் இந்தச் சேதம் நிமிடக் கணக்கில் நடக்கும். 4 டிகிரிக்கு இறக்கினால் செல்லின் தேவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும், சேதமும் அந்த அளவுக்கு மெதுவாகும். உங்கள் ஊர் பால் சொசைட்டியில் கறந்த பாலை ஏன் உடனே கூலரில் விட்டு 4 டிகிரிக்குக் கொண்டுவருகிறார்கள்? கெடுவதை நிறுத்த முடியாது, தள்ளிப்போட முடியும். அதேதான் இங்கும்.

அதனால்தான் அறுவை அறையில் எல்லாம் வேகம். ரத்தம் உறையாமல் ஹெப்பாரின் கொடுத்து, பெரிய தமனியைக் கட்டிய அதே நொடியில் குளிர்ந்த திரவத்தைக் குழாய் வழியாக விட்டு ரத்தத்தை முழுதும் கழுவி, வயிற்றுக்குள் நொறுக்கிய ஐஸைக் கொட்டுகிறோம். வெறும் சலைன் போதாது. பெல்சர், சதர்ட் என்ற இருவர் 1980களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய திரவத்தில் செல்லுக்குள் இருப்பது போலவே பொட்டாசியம் அதிகம், செல் வீங்காமல் தடுக்கும் பெரிய மூலக்கூறுகளும் உண்டு. ஹெச்.டி.கே. என்று இன்னொன்றும் பழக்கத்தில் இருக்கிறது. பிறகு ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பைகள். கிட்னி நேரடியாக ஐஸ்கட்டியைத் தொடக் கூடாது, தொட்ட இடம் உறைந்து செத்துவிடும். ஐஸில் போட்டு வண்டியில் ஏற்றுவதோடு சரியா என்று கேட்டீர்களே, இவ்வளவு இருக்கிறது.

இனி உங்கள் 18 மணி நேரம். இதயம் நான்கு முதல் ஆறு மணி நேரம்தான் தாங்கும், ஈரல் பன்னிரண்டு வரை. கிட்னிதான் இவற்றில் பொறுமைசாலி. 24 மணி நேரத்துக்குள் பொருத்திவிட எல்லோரும் முயல்கிறோம், 36 வரை போனவையும் வேலை செய்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு விலை உண்டு, 18ஐ விட 10 நல்லது, 10ஐ விட 6 நல்லது. உயிரோடு இருப்பவர் கொடுக்கும்போது பக்கத்து அறையிலிருந்து பக்கத்து அறைக்கு வருவதால் ஒரு மணி நேரம் கூட ஆகாமல் முடிந்துவிடுவது உண்டு, அவை சீக்கிரம் வேலை செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேடிக்கை என்னவென்றால் சேதம் முழுவதும் ஐஸில் நடப்பதில்லை, ஒரு பெரிய பங்கு மறுபடி ரத்தம் பாயும் நிமிடங்களில் நடக்கிறது. காய்ந்து வெடித்த வயலுக்கு மதகை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் வரப்பு உடைந்துபோகிறது அல்லவா, அப்படி. பட்டினி கிடந்த செல்லில் திடீரென்று ஆக்சிஜன் வந்ததும் எரிச்சலூட்டும் மூலக்கூறுகள் உண்டாகி நுண்குழாய்களைத் தாக்குகின்றன. அந்தத் தாக்குதலில் ஓய்ந்து நிற்கும் கிட்னியைத்தான் தூங்குகிறது என்கிறோம். பொருத்திய முதல் வாரத்தில் டயாலிசிஸ் தேவைப்பட்டால் அதற்கு டிலேய்டு கிராஃப்ட் ஃபங்ஷன் என்று பெயர்.

இதைக் குறைக்க என்ன செய்யலாம் என்று உலகம் முழுக்க முயன்றிருக்கிறார்கள். ஐஸில் சும்மா வைக்காமல், குளிர்ந்த திரவத்தை ஒரு மெஷின் கிட்னிக்குள் ஓட்டிக்கொண்டே இருப்பது ஒரு வழி. 2009ல் ஐரோப்பாவில் ஒரே நபரின் ஒரு கிட்னியை மெஷினிலும் மற்றதை ஐஸிலும் வைத்துப் பார்த்தார்கள், 336 பேரின் கிட்னிகள். தூங்கியவை ஐஸில் 26.5 சதவீதம், மெஷினில் 20.8. இன்னொன்று, நர்ஸ் அம்மா சொன்ன கம்பளிக்கு நேர் எதிரானது. மூளைச்சாவு அடைந்தவரின் உடம்பைக் கிட்னி எடுப்பதற்கு முன்பே 34, 35 டிகிரிக்கு லேசாகக் குளிர வைப்பது. 2015ல் அமெரிக்காவில் வந்த முடிவு: வழக்கமான சூட்டில் வைத்தவர்களின் கிட்னிகளில் 39 சதவீதம் தூங்கின, குளிர வைத்தவர்களுடையதில் 28. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். பிறகு 2023ல் குளிர வைப்பதையும் மெஷினையும் மோதவிட்டுப் பார்த்தார்கள், மெஷின் வென்றது: தூங்கியவை குளிர வைத்ததில் 30 சதவீதம், மெஷினில் 19. ஆனால் மெஷினுக்கு விலை அதிகம், எல்லா இடத்திலும் கிடையாது. இரண்டு டிகிரி குறைய விடுவதற்குச் செலவே இல்லை. மெஷின் இல்லாத ஊர்களில் இதை இன்னும் கவனமாக யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம், சங்ககிரி அம்மா போன்றவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான்.

பல்லடம் விசைத்தறி பதில்:

டாக்டர் சொல்வதெல்லாம் சரிங்க, ஆனால் எது வந்தாலும் வாங்கிக்கொள் என்று ஆகிவிடக்கூடாது. என் மச்சானுக்கு வைத்தது 31 மணி நேரம் ஐஸில் இருந்த கிட்னி, கொடுத்தவருக்கு 63 வயது, பல வருடமாக பிரஷர். கடைசி வரை ஒரு சொட்டு சிறுநீர் வரவில்லை. மூன்றாவது வாரம் திறந்து எடுத்துவிட்டார்கள். திரும்பவும் டயாலிசிஸ், திரும்பவும் பட்டியல், இப்போது உடம்பில் எதிர்ப்பு அணுக்கள் கூடிவிட்டதால் பொருத்தம் கிடைப்பதே கஷ்டம் என்கிறார்கள். கோபி தம்பியின் அய்யன் பயந்ததில் தப்பே இல்லை என்பேன்.

ஏற்காடு அடிவாரம் பதில்:

நீங்கள் சொல்வதை மறுக்கவே மாட்டேன். தூங்கும் கிட்னி வேறு, எழுந்திருக்கவே எழாத கிட்னி வேறு, இரண்டாவதும் நடக்கத்தான் செய்கிறது. வயது, நாள்பட்ட பிரஷர், நீண்ட ஐஸ் நேரம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் நானும் தயங்குவேன், பயாப்ஸியில் ஒரு துளி எடுத்துப் பார்த்தார்களா என்று கேட்பேன். கோபிக்காரருக்கு வந்தது அப்படி இல்லை. 52 வயது, விபத்து, 18 மணி நேரம். வந்தபோது கிரியாட்டினின் நன்றாக இருந்திருந்தால் என் சொந்த அண்ணனுக்கு வாங்கிக்கொள்ளச் சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு தகவலும் கையில் இல்லாமல் அரை மணி நேரத்தில் மறுத்த குடும்பத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

கட்டிங் மாஸ்டர் (திருப்பூர்) பதில்:

எனக்கு வைத்தது தூங்கிய கிட்னிதாங்க. 2019ல். அறுவை முடிந்து கண் விழித்ததும் முதலில் பையைத்தான் பார்த்தேன், காலி. பக்கத்துக் கட்டிலில் அவர் மனைவி கொடுத்த கிட்னியோடு படுத்திருந்தவருக்குப் பை நிரம்பி நிரம்பி மாற்றுகிறார்கள். எனக்கு 11 நாள் ஒன்றும் இல்லை, நடுவில் நான்கு டயாலிசிஸ், ஒரு பயாப்ஸி. என் மனைவி திண்டல் மலைக்கு வேண்டிக்கொண்டாள், நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் 150 மில்லி. அடுத்த நாள் 400. அப்புறம் நிற்கவே இல்லை. இன்றைக்குக் கிரியாட்டினின் 1.4, பனியன் கம்பெனியில் பழைய வேலையே பார்க்கிறேன், உடம்பு புதுக் கிட்னியை ஒதுக்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மாத்திரை காலை 9 இரவு 9 தவறியதில்லை.

தம்பி, நம் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. ஐஸில் போகிற மணி நேரத்தில் ஒரு பங்கு வாங்குகிறவனுக்காகக் காத்திருப்பதிலும் போகிறது. போன் எடுக்கவில்லை, எடுத்தால் ஊரில் இல்லை, வந்தால் காய்ச்சல், காய்ச்சல் இல்லாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி 6.5, முதலில் டயாலிசிஸ் போட வேண்டும், அதற்கு நான்கு மணி நேரம். கிட்னி பாட்டுக்கு ஐஸில் கிடக்கும். அதனால் உங்கள் அண்ணனைப் பொட்டாசியம் ஏற்றும் வாழைப்பழம், இளநீர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொருத்தம் பார்க்க அவ்வப்போது ரத்தம் கேட்பார்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள், தயாராக இருந்தால் கிராஸ்மேட்ச் சீக்கிரம் முடியும். மிக அவசியம் இல்லாமல் ரத்தம் ஏற்ற விடாதீர்கள், எதிர்ப்பு அணு கூடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆதார், கடைசி எக்கோ ரிப்போர்ட் எல்லாம் ஒரே பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டிவையுங்கள். நான் இரண்டு வருடம் அப்படி மாட்டிவைத்திருந்தேன்.

வாய்க்கால்மேடு பதில்:

எல்லோருக்கும் நன்றிங்க. நேற்று இரவு எல்லாப் பதிலையும் அண்ணனுக்கும் அய்யனுக்கும் வாசித்துக் காட்டினேன். திருப்பூர் அண்ணாவின் 11 நாளைக் கேட்டுவிட்டு அண்ணன், "எனக்கும் தூங்குகிறதாகத்தானே சொன்னார்கள்" என்றார், அவ்வளவுதான் சொன்னார், ஆனால் சொன்னார். அய்யன் பல்லடத்துக்காரர் எழுதியதை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார், அப்புறம் சங்ககிரி அம்மா எழுதியதை. அந்தக் கிட்னியைக் கெட்டுப்போன சாமான் என்று சொல்லியிருக்கக் கூடாது என்றார். அந்த அம்மாவிடம் இதை எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டேன்: கொடுத்தவர் வந்த அன்றைக்குக் கிரியாட்டினின் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு போனது, சர்க்கரை பிரஷர் எத்தனை வருடம், எத்தனை மணிக்கு ஐஸில் வைத்தார்கள், பயாப்ஸி பார்த்தார்களா. அண்ணனுடைய போனோடு என் நம்பரையும் அண்ணி நம்பரையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பொருத்தம் பார்க்க ரத்தம் கொடுத்து ஐந்து மாதம் ஆகிவிட்டது என்று இப்போதுதான் பார்த்தேன், செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும் அதற்காக நேராகக் கோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.

டாக்டர் ஐயா, ஒரே ஒரு சந்தேகம். ராத்திரி போன் வந்தால் கிளம்பும்போதே சாப்பிடாமல் வர வேண்டுமா, இல்லை அங்கே வந்து அவர்கள் சொன்ன பிறகா?

ஏற்காடு அடிவாரம் பதில்:

போன் வந்த நிமிடத்திலிருந்து எதுவும் சாப்பிட வேண்டாம், தண்ணீர் கூட அவர்களைக் கேட்டுவிட்டு. கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், கடைசி டயாலிசிஸ் எப்போது, இந்த இரண்டையும் போனிலேயே சொல்லிவிடுங்கள், நீங்கள் வந்து சேர்வதற்குள் அவர்கள் டயாலிசிஸ் மெஷினைத் தயார் செய்து வைப்பார்கள்.